இடம் கொடுத்தவர் எழுதிக் கொடுத்தது என்ன?

வாசகர் கேள்வி – பதில்

ஸ்பெயினிலிருந்து 1492ஆம் ஆண்டு யூதர்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றையொன்று தொட்டுச் செல்பவற்றைத் தேர்ந்து இந்த முறை பதில் எழுதுகிறேன்.

வெளியேற்றப்பட்ட அத்தனை பேரும் எங்கே போனார்கள்? ஏதாவது ஒரு நாட்டில் எல்லோரும் சேர்ந்து குடியேறியிருக்கக் கூடாதா?
– பள்ளி ஆசிரியர், பாப்பிரெட்டிப்பட்டி

ஃபெர்டினாண்டு மன்னரும் இசபெல்லா அரசியும் 1492 மார்ச் 31 அன்று பிறப்பித்த ஆணை, ஜூலை முடிவதற்குள் ஞானஸ்நானம் பெறாத யூதர் ஒருவர்கூட நாட்டில் இருக்கக் கூடாது என்றது. பொன்னையோ வெள்ளியையோ நாணயத்தையோ எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. நான்கு மாதத்தில் வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, அந்தப் பணத்தையும் கையில் கொண்டு போக முடியாத நிலையில் கிளம்பியவர்களால், எல்லோரும் கூடிப் பேசி ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. மிக அருகில் இருந்த எல்லை போர்ச்சுகல் என்பதால் பெருங்கூட்டம் அங்கே சென்றது. இரண்டாம் ஜோவாவோ மன்னர் தலைக்கு இவ்வளவு என்று வரி வாங்கிக்கொண்டு, எட்டு மாதம் மட்டும் தங்கலாம் என்று அனுமதித்தார்.

அடுத்து வந்த மன்னர் மானுவேல், ஸ்பானிய இளவரசியை மணம் முடிக்க விரும்பியபோது, யூதர்களை அகற்றுவது அந்தத் திருமணத்துக்கான நிபந்தனையாக வந்தது. 1496 டிசம்பரில் வெளியேற்ற ஆணையும் போட்டார்; ஆனால் வணிகமும் கைத்தொழிலும் தெரிந்த குடிகளை இழக்கவும் அவருக்கு மனமில்லை. எனவே 1497இல் பெரும்பாலோரை வெளியே போக விடாமல் வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் செய்வித்தார். யூதக் குடியேற்றத்தின் அடுத்த இருநூறு ஆண்டு வரலாறும் இந்த ஒரு செயலிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் கருத்து. ஒரே நாளில் "புதிய கிறிஸ்தவர்" ஆக்கப்பட்ட இவர்களில் சிலர் மனமார மாறினார்கள். சிலர் வீட்டுக்குள் பழைய நோன்புகளை மறைவாகக் காத்தார்கள். மறைவாகப் பழைய நெறியைக் கடைப்பிடிப்போரைத் தேடித் தண்டிக்கும் மதவிசாரணை மன்றம் 1536இல் போர்ச்சுகலிலும் அமைந்த பிறகு, அஞ்சியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிறு சிறு கூட்டங்களாகக் கப்பலேறினார்கள். ஆகவே இந்தப் புலப்பெயர்வு 1492இல் தொடங்கி 1492இலேயே முடிந்துவிடவில்லை; ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் சென்னைக்கும் வந்தவர்களில் பலர், லிஸ்பனில் கிறிஸ்தவப் பெயரோடு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

நேரே கிழக்கு நோக்கிப் போனவர்களை உதுமானியச் சுல்தான் இரண்டாம் பயஸீத் ஏற்றுக்கொண்டார். சலோனிகா நகரில் அவர்கள் கம்பளித் துணி நெய்து, சுல்தானின் ஜானிசரிப் படைக்குச் சீருடைத் துணி கொடுத்தார்கள். வரியின் ஒரு பகுதியையே துணியாகச் செலுத்தும் வழக்கமும் அங்கே ஏற்பட்டது. இஸ்தான்புல்லில் முதல் அச்சகத்தை 1493இல் நிறுவியவர்களும் ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்களே.

இடம் கிடைத்தது என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டால் வரலாறு பாதிதான் தெரியும். எந்த நிபந்தனையில் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெனிஸ் நகரம் 1516இல் யூதர்களுக்கு ஒரு சிறு தீவை ஒதுக்கி, மாலையில் வாயில்களைப் பூட்டியது; வாயிலில் நின்ற காவலருக்கும், இரவில் கால்வாயைப் படகில் சுற்றிவந்த காவலருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் உள்ளே பூட்டப்பட்டிருந்த யூதர்கள்தான். அதே இத்தாலியில், டஸ்கனியின் கோமகன் முதலாம் ஃபெர்டினாண்டோ தன் லிவோர்னோ துறைமுகம் வளர வேண்டும் என்பதற்காக 1591இலும் 1593இலும் சாசனம் எழுதி, எல்லா நாட்டு வணிகரையும் அழைத்தார். யூதர்கள் அங்கே வீடு வாங்கலாம், ஜெப ஆலயம் கட்டலாம், முன்பு கிறிஸ்தவராக வாழ்ந்தது பற்றி மதவிசாரணைக்கு ஆளாக வேண்டியதில்லை என்று அதில் உறுதியளிக்கப்பட்டிருந்தது. லிவோர்னோவில் கெட்டோ என்ற பூட்டிய குடியிருப்பு எழவே இல்லை. கோமகன் வெனிஸ் நகரத்தாரைவிட இளகிய மனம் படைத்தவர் என்று சொல்ல நான் தயாராக இல்லை. அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அந்தத் தேவையை எழுத்தில் வைத்தார். எழுதியதை அவருக்குப் பின் வந்தவர்களும் மதித்தார்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். விஜயநகர காலத்தில் முன்னோர் வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் எங்களில் யாருக்கும் தெலுங்கு எழுத்து படிக்கத் தெரியாது. ஸ்பெயினை விட்டுப் போன யூதர்கள் தங்கள் மொழியை வைத்திருந்தார்களா?
– வங்கி ஊழியர், ஓசூர்

வைத்திருந்தார்கள், அதுவும் தங்களைத் துரத்திய நாட்டின் மொழியை. சலோனிகாவில் காஸ்டில், அரகான், கத்தலோனியா, லிஸ்பன், சிசிலி என்று விட்டு வந்த ஊர்களின் பெயரிலேயே தனித்தனிச் சபைகள் அமைத்துக்கொண்டார்கள். தெருவில் துருக்கியும் கிரேக்கமும் ஒலிக்க, வீட்டில் லடினோ எனப்படும் பழைய ஸ்பானியம் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்கியது.

உங்கள் வீட்டு நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். உங்கள் வீட்டில் மொழி நின்றது, எழுத்து நழுவியது. நம் எல்லைப் பகுதியில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் பல வீடுகளின் கதை இதுதான். ஸ்பெயினை விட்டுப் போன யூதர்களுக்கோ எழுத்து மாறியது. ஆண்பிள்ளைகள் வழிபாட்டுக்காக எபிரேய எழுத்தைச் சிறுவயதிலேயே கற்றதால், பேசிய ஸ்பானியத்தையும் அந்த எழுத்திலேயே எழுதினார்கள். யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களாகிய ஐந்தாகமத்தின், இஸ்தான்புல்லில் 1547இல் அச்சான பதிப்பு ஒன்றில், எபிரேய மூலத்துக்குப் பக்கத்திலேயே இந்த ஸ்பானிய மொழிபெயர்ப்பு எபிரேய எழுத்தில் உள்ளது.

ஆம்ஸ்டர்டாமில் நிலைமை தலைகீழாக இருந்தது. கிறிஸ்தவராக வளர்ந்துவிட்டு, பெரியவர்களான பிறகு யூத நெறிக்குத் திரும்பியவர்களுக்கு எபிரேயம் அறவே தெரியாது. தங்கள் சொந்தப் பிரார்த்தனையை ஸ்பானிய மொழிபெயர்ப்பின் உதவியோடு அவர்கள் கற்க வேண்டியிருந்தது. சபையின் கணக்குகளையும் தீர்மானங்களையும் போர்ச்சுகீசியத்தில் எழுதினார்கள். நரைத்த தலையோடு முதல் எழுத்திலிருந்து தொடங்கிய அந்தத் தலைமுறையின் உறுதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

போலந்தில்தான் யூதர்கள் மிக அதிகமாக இருந்தார்கள் என்று படித்தேன். அவர்களும் ஸ்பெயினிலிருந்து போனவர்களா?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பெரும்பாலும் இல்லை. ஜெர்மன் நாடுகளிலிருந்து கிழக்கே நகர்ந்தவர்கள் அவர்கள்; வீட்டு மொழி ஜெர்மானிய வேர் கொண்ட இத்திஷ். போலந்துப் பிரபுக்கள் தங்கள் சொந்த ஊர்களில் அவர்களைக் குடியமர்த்தி, ஆலை, சத்திரம், சாராயக் காய்ச்சல், சுங்கம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டார்கள். நான்கு நாடுகளின் அவை என்ற யூதர்களின் பொதுப் பேரவை 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1764 வரை லூப்ளின், யாரொஸ்லாவ் சந்தைகளின்போது கூடி, வரியைப் பங்கிட்டது, வழக்குகளைத் தீர்த்தது. 1764ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, போலந்து–லிதுவேனியா நாட்டில் யூதர்கள் ஏழரை லட்சம் பேர் வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

குத்தகைக்காரரின் நிலை எவ்வளவு ஆபத்தானது என்பது 1648இல் தெரிந்தது. உக்ரைனில் க்மெல்னிட்ஸ்கி தலைமையில் கசாக்குகளும் உழவர்களும் எழுந்தபோது, தொலைவில் இருந்த பிரபுவைவிட, கண் முன்னே நின்று வரி வாங்கிய யூதரே முதலில் அகப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், தப்பியவர்கள் மேற்கே ஆம்ஸ்டர்டாம் வரை ஓடினார்கள்.

கொச்சி யூதர்களின் செப்பேடு வட்டெழுத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம் மாவட்டத்து நடுகற்களில் உள்ள எழுத்தும் அதுதானே?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தர்மபுரி

ஆம் ஐயா, அதே எழுத்து மரபுதான். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் ஆநிரை மீட்டு இறந்த வீரர்களின் நடுகற்களில் நீங்கள் பார்க்கும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து, சேர நாட்டில் பல நூற்றாண்டு தொடர்ந்து புழங்கியது. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டு, சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்து, யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு வழங்கிய செப்பேடு, வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து கலந்து, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. பழைய கல்வெட்டுத் தமிழில் பழகிய உங்களைப் போன்றவர்களுக்கு அதன் வாசகம் பெரிதும் விளங்கும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு எழுபத்திரண்டு விடுபேறுகள் அவருக்குத் தரப்படுகின்றன. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் முதலியவை அவற்றில் உண்டு. ஊரில் மற்றவர் அரசுக்குச் செலுத்தும் உல்கும் (சுங்கம்) துலாக்கூலியும் (நிறுவைக் கட்டணம்) அவருக்கு நீக்கப்பட்டன. இந்த உரிமைகள் அவருடைய ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும் (உடன்பிறந்தாளின் மக்கள்), மகளை மணந்த மருமகனுக்கும், உலகும் சந்திரனும் உள்ளவரை செல்லும் என்று எழுதி, வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் சாட்சியாக நின்றார்கள்.

இது இடைக்காலத்துச் செப்பேடு. ஆனாலும் நாம் பேசும் காலத்துக்கு அது இன்றியமையாதது. 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூர் யூதர்களுக்குச் சோதனைக் காலம் வந்தது. மிளகு வணிகப் போட்டியில் 1524இல் அவர்கள் குடியிருப்பு தாக்கப்பட்டது. போர்ச்சுகீசியரின் நெருக்குதலும் சேர்ந்துகொண்டது. அவர்கள் கொச்சிக்கு நகர்ந்தபோது, கொச்சி அரசர் மட்டாஞ்சேரியில் தம் அரண்மனையை ஒட்டிய நிலத்தையே கொடுத்தார். 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்துக்கும் அரண்மனைக் கோயிலுக்கும் இடையே ஒரு சுவர்தான். ஸ்பெயின், போர்ச்சுகல், அலெப்போ முதலிய இடங்களிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்கள் கட்டிய அந்த ஆலயத்தில்தான் பழைய செப்பேடும் பாதுகாக்கப்படுகிறது. வந்தேறிகளாகிய தங்களுக்கும் இந்த மண்ணில் உரிமை உண்டு என்று காட்ட அவர்களுக்கு அது ஆவணமாயிற்று.

தமிழாசிரியரான உங்களுக்கு இன்னொரு செய்தியும் பிடிக்கும். கொச்சி அரசர்கள் யூதர்களின் தலைவருக்குக் கொடுத்த பட்டம் முதலியார். தம் மக்களின் உரிமை வழக்குகளை விசாரித்துத் தண்டம் விதிக்கும் அதிகாரமும் அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வந்தது. ஸ்பானிய வழிவந்த காஸ்தியேல் குடும்பத்தார் அதைத் தலைமுறையாக வகித்தார்கள். காஸ்டிலின் ஆட்சியாளர்கள் விரட்டிய மக்களுள் ஒரு குடும்பம், மலையாளக் கரையில் முதலியார் ஆயிற்று.

1662இல் டச்சுக்காரர் கொச்சியை முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கியதும், அவர்களுக்கு உதவினார்கள் என்று போர்ச்சுகீசியர் யூதக் குடியிருப்பைச் சூறையாடி ஆலயத்தைச் சேதப்படுத்தினார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள், ஆலயம் சீர்செய்யப்பட்டது. 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசஸ் பெரைரா டி பைவா என்ற யூத வணிகர் கொச்சிக்கு வந்து, இங்குள்ளவர்களைப் பற்றி எழுதிய அறிக்கை அடுத்த ஆண்டே அங்கு அச்சானது. 18ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ராகாபி டச்சுக் கம்பெனியின் முதன்மை வணிகராக உயர்ந்தார். ஆலயத்தின் மணிக்கூண்டும், கையால் நீலம் தீட்டிய சீன ஓடுகள் பதித்த தரையும் அவர் காலத்தவை.

இந்தியாவில் யூதர்கள் எந்தக் காலத்திலும் துன்புறுத்தப்படவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது முழு உண்மையா?
– வழக்கறிஞர், அரூர்

உள்நாட்டு அரசர்களின் அவைகளைப் பொறுத்தவரை பெருமளவு உண்மை. முழு இந்தியாவுக்கும் பொருத்திச் சொல்ல முடியாது. ஏனெனில் போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவும் இந்தியாவில்தான் இருந்தது. கார்சியா டா ஓர்டா என்ற மருத்துவர், ஸ்பெயினிலிருந்து போர்ச்சுகலுக்கு ஓடிவந்து மதம் மாற்றப்பட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். 1534இல் கோவாவுக்கு வந்தார். இந்நாட்டு மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி அவர் எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சாயிற்று. கோவாவில் மதவிசாரணை மன்றம் 1560இல் தொடங்கிவிட்டது. அவர் 1568இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனா, மறைவாக யூத நெறியைக் கடைப்பிடித்தார் என்று எரிக்கப்பட்டார். 1580இல் மருத்துவரின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்தும் ஒரு மனிதரை விடாத அந்தக் கொடுமை நடந்த இடம் நம் மேற்குக் கரைதான்.

யூதர்களுக்குள்ளேயும் குறை இருந்தது. கொச்சியில் தங்களைத் தூய வழியினர் என்று கருதிய பிரிவினர், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரோடு மணவுறவு கொள்ளவில்லை. வழிபாட்டிலும் அவர்களுக்குச் சம இடம் தரவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழக்கு கெய்ரோவுக்குக் கடிதமாகப் போனது. அங்கிருந்த பெரும் சட்ட அறிஞர் டேவிட் இபன் ஸிம்ரா, யூத நெறியில் சேர்க்கும் முழுக்குச் சடங்கு முறைப்படி நடந்துவிட்டால் அவர்களை விலக்கி வைக்கக் கூடாது என்று தீர்ப்பு எழுதினார். கொச்சியில் அந்தத் தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை. இடம் தேடி வந்தவர்களே இன்னொருவருக்கு இடம் மறுத்தார்கள் என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

சென்னையில் யூதர்கள் இருந்ததற்குப் பவழக்காரத் தெருதான் அடையாளம் என்கிறார்கள். பிறகு ஏன் அவர்கள் காணாமல் போனார்கள்?
– நகை வணிகர், காவேரிப்பட்டணம்

உங்கள் கடையில் நவரத்தினங்களுள் ஒன்றாக விற்கும் பவழம், அந்நாளில் மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்டு, லிவோர்னோவில் மணியாக்கப்பட்டு, லண்டன் வழியாகச் சென்னைக்கு வந்தது; ஈடாக இங்கிருந்து கோல்கொண்டா நாட்டு வைரம் போயிற்று. 1290இல் யூதர்களை வெளியேற்றிய இங்கிலாந்து, 1656இல் கிராம்வெல் காலத்தில்தான் அவர்களை மீண்டும் ஏற்றது. அங்கே குடியேறிய போர்ச்சுகீசிய யூதக் குடும்பங்கள், 1680களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியோடு தங்கள் ஆட்களைச் சென்னைக்கு அனுப்பின. 1688இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மென்களாக (மூத்த நகர்மன்ற உறுப்பினர்களாக) நியமிக்கப்பட்டவர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். லண்டனில் யூதர் ஒருவர் அத்தகைய பதவியை எண்ணியும் பார்க்க முடியாத காலம் அது.

இவ்வளவு இருந்தும் வேர் பிடிக்கவில்லை. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்ததும் கோல்கொண்டா வைரத்தின் தனிச்சிறப்பு குறைந்தது. வணிகம் வேறு திசை பார்த்தது. ஆனால் வைரத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது. கொச்சியில் மிளகு வணிகம் எத்தனையோ கை மாறியும் மக்கள் இருந்தார்கள். சென்னையில் அவர்கள் பெற்றது ஆளுக்கு ஆள் கொடுக்கப்பட்ட வணிக அனுமதி. மகளுக்கும் மருமகனுக்கும் செல்லும் பட்டயம் அது அல்ல. ஈட்டியதை எடுத்துக்கொண்டு லண்டன் திரும்புவதே அவர்களில் பெரும்பாலோர் நோக்கமாக இருந்தது. தெருவின் பெயரும், லாயிட்ஸ் சாலைக்கு மாற்றப்பட்ட சில கல்லறைக் கற்களுமே எஞ்சின.

அமெரிக்காவுக்கு முதலில் போன யூதர்கள் யார்?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

வட அமெரிக்காவில் முதல் யூதச் சமூகமாக அமைந்தவர்கள், பிரேசிலின் ரெசிஃபே நகரை டச்சுக்காரரிடமிருந்து போர்ச்சுகீசியர் மீட்ட 1654ஆம் ஆண்டு, இன்றைய நியூயார்க்கில் வந்திறங்கிய 23 பேர். ஆளுநர் ஸ்டைவெசண்ட் அவர்களைத் துரத்த அனுமதி கேட்டார். அந்த ஊரை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் இயக்குநர்கள், யூதர்களும் கம்பெனியில் பங்குதாரர்கள் என்பதை நினைவூட்டி மறுத்தார்கள். அவர்களுள் ஏழைகள் ஊருக்குச் சுமையாகாமல் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரே நிபந்தனை.

இந்த வரலாற்றுக்கும் நம் பாரமகாலுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– பர்கூர் வாசகர்

பாரமகால் எனப்பட்ட நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு, அது எதிர்பாராத வழியில் வருகிறது. 1789இல் டச்சுக்காரர் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் பள்ளிப்புரம் கோட்டையையும் திருவிதாங்கூருக்கு விற்றார்கள். அந்தப் பேரத்துக்குப் பிணை நின்றவர்களில் ஒருவர், கொச்சி யூத வணிகர் டேவிட் ராகாபி. அந்த விற்பனையை ஏற்காத திப்பு சுல்தான் ஆண்டு முடிவில் திருவிதாங்கூர் எல்லை அரணைத் தாக்க, மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. அந்தப் போரில்தான் 1791 நவம்பரில் ஆங்கிலப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளக்க வந்தார்கள். மலையாளக் கரையில் கைமாறிய ஒரு கோட்டைப் பத்திரம், நம் ஊர் வரிக்கணக்கு வரை வந்து சேர்ந்தது.

கொச்சி ஆலயத்தைப் பார்க்க விரும்புகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?
– பென்னாகரம் வாசகி

பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் ஓசூர், தர்மபுரி வழியாகவே செல்கிறது. வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்பதால் ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் சேந்தமங்கலத்திலும் வடக்குப் பரவூரிலும் அருங்காட்சியகமாகச் சீரமைக்கப்பட்ட, பரதேசிகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்த மலபார் யூதர்களின் ஆலயங்களையும் பாருங்கள். மட்டாஞ்சேரிக்கு வரும் கூட்டம் அங்கே வருவதில்லை. கேரள யூதர்களில் பெரும்பான்மையினர் வழிபட்டது அத்தகைய ஆலயங்களில்தான்.